காளைச் சண்டை ஓவியத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் போத்தல்

உங்கள் வாட்சப் குழுவில் என்னைச் சேர்த்த நாளிலிருந்து பார்க்கிறேன். லண்டன் கலைக்கூடங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். யாராவது கையில் எதையோ வைத்துக்கொண்டு ஓவியத்தை நோக்கி ஓடினால் என்ன செய்வது? பயிற்சி வகுப்பில் இதற்கு விடை சொல்லித் தருவார்கள். ஓடுகிறவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே போய் நில்லுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், வோக்கி-டோக்கியில் ஆள் கூப்பிடுங்கள். நல்ல விடைதான். அந்த வகுப்பைப் பல வருடங்கள் நடத்தியவளே நான்தான். ஆனால் அந்த விடை பிழையாகிப்போன ஒரு மத்தியானத்தைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வதை நிர்வாகம் விரும்பவில்லை. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். செவன் கிங்ஸில் என் வீட்டுச் சமையலறையில் இருந்து எழுதுகிறேன். விரும்பவும் விரும்பாமல் விடவும் இங்கே நிர்வாகம் இல்லை.

நான் ஆற்றங்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் டியூட்டி மனேஜராக இருந்தேன். ஓவியங்களுக்குப் பொறுப்பு வேறு ஆட்கள். எனக்கு மனிதர்கள். கழிவறை எங்கே என்று கேட்பவர், பிள்ளையைத் தொலைத்தவர், நுழைவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், வெறும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று அழுபவர், எல்லோரும் என் பங்கு.

நான் சொல்லப்போகும் கண்காட்சி நவீன ஓவியத்தில் காளைச் சண்டை பற்றியது. அதை ஒழுங்குசெய்தவர் மார்ட்டின் என்ற கியூரேட்டர். மிக நல்ல மனிதர், சைவ உணவுக்காரர். அலுவலகத்தில் சிலந்தியைக் கண்டால் கோப்பையால் மூடி, கீழே ஒரு கடதாசியைச் செருகி, படியிறங்கிப் போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவார். இந்தக் கண்காட்சிக்காகப் பல வருடம் உழைத்தார். ஆனால் உண்மையான காளைச் சண்டை ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என்னால் பார்க்க முடியாது, வசந்தா. ஓவியத்தில் எல்லாம் இருக்கிறது" என்றார்.

கண்காட்சி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு என்னைத் தேடி வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"உங்கள் ஊரிலும் காளையை வெறுங்கையால் அடக்குவார்களாமே. உங்கள் குடும்பத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?"

"அது தமிழ்நாடு. நான் யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் மாட்டை வண்டிலில் பூட்டி ஓட்டப் பந்தயம் விடுவார்கள்."

"அதில் ஆபத்து இருக்கிறதா?"

"தோற்றவரோடு அன்று கதைத்தால் இருக்கிறது."

அவர் முகத்து வெளிச்சம் அணைந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு பண்பாட்டை ஏமாற்றிவிட்ட மாதிரி எனக்கே இருந்தது.

படங்கள் நன்றாகத்தான் இருந்தன. இந்தத் தொழிலில் நீண்ட காலம் நின்றால் நீங்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பீர்கள். சுவரில் இருப்பதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க நேரம் கிடைப்பது எங்களுக்கு மட்டும்தான். அந்த நவீன ஓவியர்களில் பலர் காளைச் சண்டையை வரைவதாகச் சொல்லிக்கொண்டு தங்களைத்தான் வரைந்திருந்தார்கள். ஒருவர் தன்னை வாள் பிடித்த வீரராகக் கண்டார். இன்னொருவர் தன்னைக் காளையாகக் கண்டார், அதுவும் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் காளையாக. சண்டையில் ஒரு குதிரையும் வரும். கண்ணைத் துணியால் கட்டி, காளைக்கும் வீரருக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்துவார்கள். தன்னை அந்தக் குதிரையாக வரைந்த ஓவியரை நான் அங்கே காணவில்லை. முன்வாசலில் வேலை செய்கிற எங்களுக்கு அந்தக் குதிரையின் நிலைமை உடனே விளங்கும்.

கண்காட்சியின் பெரிய படம் கடைசி அறையில் இருந்தது. இறந்துபோன ஒரு ஆங்கில ஓவியர் வரைந்தது. ஒரு சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். கீழே ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான். வலது பக்கத்தில் கறுப்பாக ஒரு கீறல், அது காளையின் கொம்பு என்று மார்ட்டின் பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தார். காளை வேறெங்கும் இல்லை. அந்தப் படத்தின் சொந்தக்காரர் அதோடு ஒரு ஆளையும் அனுப்பியிருந்தார். சாம்பல் நிற சூட் போட்ட மெலிந்த மனிதர். முக்கியமான நிகழ்ச்சி ஏதும் நடந்தால் படத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். யாராவது தும்மினால் திரும்பிப் பார்ப்பார்.

இனி மார்கரெட்.

தொடக்க நாளில் மிருக உரிமைக்காரர்கள் மேளத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். அடுத்த வாரம் மேளம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மழை. கடைசியில் மிஞ்சியவர் மார்கரெட் மட்டும்தான். எழுபதைத் தாண்டிய, சின்ன உருவமான ஆங்கிலப் பெண்மணி. பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மடக்குக் கதிரையும் "இரத்தம் கலை அல்ல" என்று எழுதிய அட்டையும் கொண்டு ஒவ்வொரு நாளும் வந்தார். முதல் நாளே முன்கூடத்துக்குள் நுழைந்து விசில் ஊதியதால் அவரை இனி உள்ளே விடக்கூடாது என்று முடிவாகியிருந்தது. கண்காணிப்பு அறைச் சுவரில் அவருடைய படத்தை ஒட்டியிருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் அவருடைய படமும் தொங்குகிறது என்று நான் சொன்னபோது அவர் கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

ஆர்ப்பாட்டக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பாதுகாப்புத் தலைமை அதிகாரியின் கட்டளை. நான் இடைவேளைக்கு வெளியே போனால் மார்கரெட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் தேநீர் குடிப்பேன். முழங்கால் வலி, பஸ் பிந்தி வருவது, அவருடைய பழைய மாணவர்கள், இவைதான் பேச்சு. காளையைப் பற்றி நாங்கள் அநேகமாகப் பேசியதில்லை.

ஒரு குளிர் நாளில் நான் வெளியே போனபோது அவர் முகம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்ப்பது எனக்குப் புதினமாக இருந்தது. வணக்கம் சொன்னேன். "உனக்கு என்ன வேண்டும்?" என்று எரிந்து விழுந்தார். கை நடுங்க நடுங்கப் பைக்குள் தேடி ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். உள்ளே கருஞ்சிவப்பாகப் பழச்சாறு. அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய மார்கரெட்டாகத் திரும்பி வந்தார்.

"மன்னித்துக்கொள். சின்ன வயதிலிருந்தே நீரிழிவு. சில நாள் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். இறங்கினால் முதலில் வருவது கோபம். ஆர்ப்பாட்டத்தில் நிற்கும்போது அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, பார்."

அதன் பிறகு நான் வெளியே போகும்போதெல்லாம் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு நல்ல பெயர் கிடைத்தது, கூட்டம் மட்டும் வரவில்லை. அதனால் மார்ட்டின் ஒரு யோசனை சொன்னார். ஸ்பெயினிலிருந்து ஓய்வுபெற்ற உண்மையான காளைச் சண்டை வீரர் ஒருவரை அழைத்து, அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, அவரோடு உரையாடுவது. ரஃபாயேல் என்பவர் கிடைத்தார். அவருடைய மகள் பிலார் லண்டனில் பல் வைத்தியராக இருந்தார். மகளைப் பார்க்க எப்படியும் வருகிறவர் என்பதால் ஒத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பதும் மகள்தான்.

அன்று மத்தியானம் விருந்து முதலில், உரையாடல் பிறகு என்றுதான் ஒழுங்கு. ஆனால் அறங்காவலர்களில் ஒருவர் பேசத் தொடங்கினார். அவர் முடித்ததும் இன்னொருவர் தானும் ஸ்பெயினுக்குப் போன கதையைச் சொன்னார். இயக்குநர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். மேசையில் வெறும் கோப்பைகள். மேலே பார்வையாளர்கள் வந்து காத்திருக்கிறார்கள் என்று நான் போய்ச் சொன்னபோது, "அப்படியானால் உரையாடலை முதலில் வைத்துக்கொள்வோம், சாப்பாடு ஓடிப்போகாது" என்று இயக்குநர் முடிவெடுத்தார். எல்லோரும் எழுந்தார்கள். பிலார் தகப்பனிடம் ஏதோ கேட்டார். அவர் கையை அசைத்துப் பரவாயில்லை என்றார். அந்த அறைக்குள் கைப்பை கொண்டுபோகக் கூடாது என்பது படத்தின் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை. ஆகவே பிலாரின் பையைக் கீழே பைகள் வைக்கும் இடத்தில் வாங்கி வைத்தோம்.

ரஃபாயேல் உயரமான, கொஞ்சம் நொண்டி நடக்கிற மனிதர். படத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு கதிரையைப் பார்த்தார், உட்கார்ந்தார். கூட்டம் நிறைந்திருந்தது.

"முதன்முதலாக இந்தப் படத்துக்கு முன்னால் இருக்கிறீர்கள். என்ன உணர்கிறீர்கள்?" என்று மார்ட்டின் கேட்டார்.

பிலார் மொழிபெயர்த்தார். அவர் யோசித்துச் சொன்னார்.

"பெரிய படம் என்கிறார்."

சபை சிரித்தது. மார்ட்டினும் சிரித்தார். காளை இல்லாமலேயே காளையின் பயங்கரத்தை ஓவியர் காட்டியிருப்பதைப் பற்றி நீளமாக ஒரு கேள்வி கேட்டார். ரஃபாயேல் அந்தக் கறுப்புக் கீறலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது கொம்பு என்று எனக்குத் தெரியவில்லை, கதவு என்று நினைத்தேன் என்கிறார்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. படத்துக்கு முன்னால் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில் நான் நின்றேன். வாசலில் குணம் நின்றார். குணம் பாதுகாப்பு நிறுவனத்துக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ் போய், அங்கிருந்து இல்ஃபோர்டுக்கு வந்தவர். ரஃபாயேலின் பதில்கள் வரவரக் குறுகின. ஒரு கட்டத்தில் பிலார் தகப்பனின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மார்ட்டினின் காதில் ஏதோ சொல்லி, என்னைத் தாண்டி வேகமாக வெளியே போனார். தன் பையை எடுக்கப் போகிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு இடைவேளை விடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மார்ட்டின் விடவில்லை. ஓவியப் புத்தகங்களில் படித்த ஸ்பானிய மொழியில் தானே கேள்வியைத் தொடர்ந்தார்.

ரஃபாயேல் பதில் சொல்லவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. மார்ட்டின் இன்னொரு தடவை கேட்டார். அவர் திடீரென்று சத்தமாக, கோபமாக ஏதோ சொன்னார். மார்ட்டினின் கண்கள் பளபளத்தன. இத்தனை வருடம் அவர் காத்திருந்த உணர்ச்சி இதோ வந்துவிட்டது. ரஃபாயேல் எழுந்தார். தள்ளாடி நடந்து, கயிற்றைக் காலால் தட்டிவிட்டு, படத்தை நோக்கி ஒரு கையை நீட்டினார். சாம்பல் சூட்காரர் முன்னால் பாய்ந்தார். ரஃபாயேல் படத்துக்கு ஒரு எட்டு முன்னால் முழங்காலில் விழுந்தார்.

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். நவீன கலைக்கூடத்தில் எது நிகழ்ச்சி எது விபத்து என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எங்களுக்கும் சில நாட்களில் தெரியாது.

அப்போது முன்வரிசைப் பக்கத்தில் ஒரு பெண்மணி எழுந்தார். தொப்பி, உதட்டுச் சாயம், நல்ல கோட்டு. கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து, மூடியைத் திறந்தபடி படத்தை நோக்கி ஓடிவந்தார். தொப்பி கழன்று விழுந்தது. மார்கரெட். உள்ளே விடக்கூடாத ஆள், அடையாளம் தெரியாதபடி உடுத்திக்கொண்டு உரையாடலைக் குழப்ப வந்திருக்கிறார். கையில் சிவப்பாக ஒரு திரவம்.

"நிறுத்துங்கள், அவளை நிறுத்துங்கள்" என்று சாம்பல் சூட்காரர் கத்தினார்.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். அவருக்கும் படத்துக்கும் நடுவே போய் நின்றேன். குணம் பின்னாலிருந்து ஓடிவந்து அவருடைய கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இவதான் அந்த மனுசி. கையில சிவப்புச் சாயம்."

மார்கரெட் குணத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை. கீழே முழங்காலில் இருந்த மனிதரையே பார்த்தார்.

"அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார்?" என்று என்னிடம் கேட்டார்.

நிறைய நேரம் இருந்ததாக இப்போது நினைவில் தோன்றுகிறது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருந்திருக்காது. படத்தின் மேல் சாயம் ஊற்ற வந்தவர் இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார். இல்லை, கெட்டிக்காரியாக இருந்தால் கேட்கவும் கூடும். போத்தலை அடையாளம் தெரிந்தது, ஆனால் அன்று உள்ளே இருந்தது பழச்சாறுதான் என்பதற்கு என்ன சாட்சி? ரஃபாயேலைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வேர்த்து, கண் எங்கேயோ போய், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை நான் வாசல் படியில் பார்த்திருக்கிறேன்.

"குணம், அவவை விடும்."

"அக்கா, வேலை போகும்."

"போனா என்ர வேலைதான். விடும்."

குணம் விட்டார். அவர் விடாமல் இருந்திருக்கலாம். அவருக்குக் கட்டளை இடுவது நான் இல்லை, அவருடைய நிறுவனம். அதை அவரும் யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

மார்கரெட் தரையில் உட்கார்ந்து ரஃபாயேலின் தலையை நிமிர்த்தினார். விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு சொட்டுக் கொடுத்துப் பார்த்தார். அவர் விழுங்கினார், உடனே கோபத்தில் கையை வீசினார். போத்தல் ஆடியது. சிவப்பாக ஒரு வளையம் காற்றில் எழும்பி விழுந்ததை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். கொஞ்சம் தரையில், கொஞ்சம் சாம்பல் சூட்காரரின் சப்பாத்தில், மிச்சம் மார்ட்டின் எழுதி ஒட்டியிருந்த விளக்கத்தில். படத்தில் படவில்லை. ஒரு கை அகலத்தில் தப்பியது. நான் மட்டும் கேட்கிற மாதிரி "பிள்ளையாரே" என்றேன்.

மார்கரெட் அசையவில்லை. "குடியுங்கள், கோபத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று பாடசாலைக் குரலில் சொன்னார். ரஃபாயேலுக்கு மொழி விளங்கியிருக்காது, குரல் விளங்கியது. குடித்தார். நான் வோக்கியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிலார் சீனி மாத்திரை வைத்திருந்த பையோடு ஓடிவந்தபோது தகப்பனின் முகத்தில் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது.

"இன்சுலின் போட்டிருக்கிறார். சாப்பாடு வருகிறது என்றுதானே சொன்னீர்கள்" என்று பிலார் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

ரஃபாயேல் தனக்குப் பக்கத்தில் தரையில் இருந்த பெண்ணைப் பார்த்து மகளிடம் கேட்டார். யார் இவர்? பிலாருக்கு யாரென்று தெரியாது. நான்தான் சொன்னேன்.

"உங்கள் அப்பாவுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்ய வந்தவர்."

பிலார் மொழிபெயர்த்தார். ரஃபாயேல் மார்கரெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"சாறு அளவுக்கு மிஞ்சி இனிப்பு என்கிறார்" என்றார் பிலார்.

அன்று எலிசபெத் லைன் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். உங்களில் சிலர் இந்தக் கதையை வேறு வாயால் கேட்டிருப்பீர்கள், அதில் நான் துணிச்சல்காரி. உண்மை அதுவல்ல. வீட்டில் என் கணவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது சாயமா இருந்திருந்தா?"

"இருந்திருந்தா நாளைக்கு என்ர படமும் பேப்பரில வந்திருக்கும்."

"பயமா இருக்கேல்லையோ?"

"அப்ப இல்லை. இப்ப இருக்குது."

அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

விசாரணை முடியும் வரைக்கும் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். படத்தை உடனே திருப்பி அனுப்பும்படி சொந்தக்காரர் சார்பில் சாம்பல் சூட்காரர் பிடிவாதமாக நின்றார். விசாரணையில் பாதுகாப்புத் தலைமை அதிகாரி கேட்டது நியாயமான கேள்விதான்.

"அது பழச்சாறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முன்பு ஒரு நாள் அந்தப் போத்தலை நான் அவருக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன்."

"அப்படியென்றால் கட்டளையை மீறி ஆர்ப்பாட்டக்காரரோடு பழகியிருக்கிறீர்கள்."

"ஆம்."

"அதை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"அதனால்தானே அந்த மனிதர் இன்று உயிரோடு நடந்து திரிகிறார்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. முடிவு இப்படி வந்தது: நான் நடைமுறையை மீறியிருக்கிறேன், அதனால் ஏற்பட்ட விளைவு திருப்திகரமானது. ஆகவே வேலை நீடிக்கும், ஆனால் நான் பயிற்சி வகுப்பை மறுபடியும் எடுக்கவேண்டும். வகுப்பை நடத்துவது நான்தான் என்று சொன்னேன். அது வேறு விஷயம் என்றார்கள். அந்த மாதம் வகுப்பை நடத்திவிட்டு, வந்தவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் நானும் போட்டேன். குணத்துக்கு அவருடைய நிறுவனம் வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை கொடுத்தது. அதற்காக நான் போய் வாதாடினேன். எச்சரிக்கையை எடுக்கவில்லை, வாய்மொழி என்பதால் எடுக்க ஒன்றுமில்லை என்று விளக்கினார்கள்.

பிள்ளைகளே, சரியாகத் தீர்மானிப்பது வேறு, அதற்குப் பாராட்டுக் கிடைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எதிர்பார்த்தால் இந்தத் தொழிலில் சீக்கிரம் கசந்துபோவீர்கள். நல்ல தீர்மானம் அந்த ஒரு நொடியில் வானத்திலிருந்து விழுவதுமில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ சாதாரண நாட்களில், யார் முகம் எப்படி என்று பார்த்து வைத்ததிலிருந்துதான் வருகிறது. நாங்கள் பாதுகாப்பது சுவரில் இருப்பதை மட்டும் என்று நினைத்திருந்தால் அன்று நான் மிகச் சரியாக நடந்து ஒரு மனிதரைச் சாக விட்டிருப்பேன்.

நடந்ததிலேயே விசித்திரமானது பிறகுதான் வந்தது. யாரோ கைபேசியில் எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றியது. சிவப்பும் மஞ்சளுமான ஓவியத்துக்கு முன்னால் ஒரு காளைச் சண்டை வீரர் விழுந்து கிடக்கிறார், ஒரு வயதான பெண் அவருடைய தலையைத் தாங்கியிருக்கிறார். மார்கரெட்டின் சங்கத்தார் அவரைக் கூப்பிட்டு, எதிரிக்கு உதவியதற்கு விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் கொடுக்காமல் சங்கத்திலிருந்து விலகினார், மடக்குக் கதிரையோடு வாசலுக்குத் திரும்பி வந்தார். கொள்கையில் ஒரு மாற்றமும் இல்லை என்றார்.

மார்ட்டினோ ஒரு கட்டுரை எழுதினார். வாழ்நாளெல்லாம் காளையை நேருக்கு நேர் சந்தித்த மனிதர், ஒரு ஓவியத்தை நேருக்கு நேர் சந்திக்க முடியாமல் விழுந்தார் என்பது அதன் சாரம். எழுதுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"நீங்கள்தான் மிகக் கிட்ட நின்றீர்கள். அவருடைய கை கொம்பை நோக்கித்தானே போனது?"

"சீனி இறங்கினவர் எதையாவது பிடிக்கக் கை நீட்டுவார், மார்ட்டின். அங்கே கதவு இருந்திருந்தால் கதவைப் பிடித்திருப்பார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இரண்டும் உண்மையாக இருக்கலாம், இல்லையா?"

எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால் பேசாமல் இருந்தேன். கட்டுரையில் பழச்சாறு வரவில்லை, பிந்திப்போன விருந்தும் வரவில்லை. வீரரை வீழ்த்திய படத்தைப் பார்க்க வரிசை நின்றது. படத்தைத் திருப்பி அனுப்பச் சொன்ன சொந்தக்காரர், இன்னும் சில மாதம் அது அங்கேயே தொங்கட்டும் என்றார். சாறு பட்ட விளக்கத்தைக் கழற்றிவிட்டு அதே சொற்களோடு புதிதாக ஒன்றை ஒட்டினார்கள்.

ரஃபாயேல் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு காலை மகளோடு வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் படியில் மார்கரெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். நான் வெளியே போய், தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர்கள் ஏற்கெனவே வாக்குவாதத்தில் இருந்தார்கள். பிலார் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் களைத்துப்போயிருந்தார்.

"ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு உயிர் இருந்தது என்று அவரிடம் சொல்" என்றார் மார்கரெட்.

பிலார் சொன்னார். ரஃபாயேல் தலையாட்டினார்.

"தெரியும் என்கிறார். உங்களைவிடக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன் என்கிறார்."

மார்கரெட் தன் அட்டையை மடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அப்படியானால் என்னால் அவரை மன்னிக்க முடியாது."

"மன்னிக்கும்படி தான் கேட்கவில்லையாம்."

இருவரும் எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ரஃபாயேல் தன் விரல் நுனியை நீட்டிக் காட்டினார், இரத்தம் எடுத்துப் பார்க்கக் குத்திக் குத்தி மரத்துப்போன விரல். மார்கரெட் தன் கையுறையைக் கழற்றித் தன் விரல்களைக் காட்டினார். அவர் அதைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகு பிலார் மொழிபெயர்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அந்த நேரம் பார்த்து மார்ட்டின் படியிறங்கி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஊடகப் பிரிவுப் பெண், கழுத்தில் கமராவோடு.

"வசந்தா, அவர்கள் இருவரும் வெளியேதானே இருக்கிறார்கள்? சேர்ந்து இருக்கிறார்களா?"

குணம் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினார்.

"குணம், கதவு பழுதெல்லே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "என்னக்கா, இப்பத்தானே நீங்கள் வந்தனீங்கள்?"

"அதுக்குப் பிறகுதான் பழுதாப்போச்சு."

குணம் கண்ணாடிக்கு அப்பால் படியில் இருந்த இரண்டு தலைகளையும் பார்த்தார். "ஓம்" என்றார். பிறகு மார்ட்டினிடம் திரும்பி, தன் சீருடைக்குரிய ஆங்கிலத்தில், கதவு திறக்காது, ஆள் வரும் வரை பொறுக்கவேண்டும், பின்பக்கத்தால் சுற்றிப் போவதென்றால் நெடுந்தூரம் என்று விளக்கினார். மஞ்சள் அறிவிப்புப் பலகையைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினார்.

மார்ட்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஒரு காட்சி" என்றார். "ஒரு படம்கூட இல்லாமல் போகப்போகிறது, வசந்தா."

"ஆம், மார்ட்டின்" என்றேன். "ஒரு படமும் இல்லை."

நானும் குணமும் கதைத்த தமிழ் அவருக்கு விளங்காது. ஆனாலும் அன்று அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.